மீனுக்கு ஒரு மாப்பிள்ளை அழைப்பு

உப்புத்தண்ணீர்த் தொட்டி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே,

தண்ணீர் கேன் தூக்கித் தூக்கி என் இடுப்பு ஓய்ந்துவிட்டது. இனி வீடு வீடாகப் போகிற வேலை உங்களுடையது. கிளம்புமுன் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னார் முதலாளி. ஆள் கூடிய இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றாலும் எழுதுவது கொஞ்சம் வரும். அதனால் எழுதித் தருகிறேன்.

பையை எவ்வளவு நேரம் மிதக்கவிடுவது, சொட்டுக் குழாயை எந்த வேகத்தில் திறப்பது என்பதெல்லாம் கடையிலேயே பழகிவிடுவீர்கள். அதை நான் எழுதப்போவதில்லை. ஒரு மீனைப் புதுத் தண்ணீருக்குப் பழக்கும்போது, அந்த வீட்டில் உள்ள அத்தனை பேரும் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார்கள். அங்கேதான் தப்பு நடக்கும். திருநகரில் ஒரு வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த வீட்டம்மா ஒரு பள்ளிக்கூட டீச்சர். வீடு கட்டும்போது சமையலறைக்கு என்ன டைல்ஸ், வாசலுக்கு என்ன கதவு என்று எதிலும் அவர் வாய் திறக்கவில்லையாம். ஹாலில் ஒரு கடல் மீன் தொட்டி வேண்டும், அது ஒன்றைத்தான் கேட்டாராம். தொட்டியைப் பொருத்தி, உப்புத்தண்ணீர் கலந்து, கல் அடுக்கி, தண்ணீர் பக்குவமாகும்வரை வாரக்கணக்கில் ஓடவிட்டிருந்தோம். மீன் விடுவது மட்டும் பாக்கி.

டீச்சரின் வீட்டுக்காரர், மீனைக் கிரகப்பிரவேசத்தன்று முகூர்த்த நேரத்துக்குள் விட்டுவிட வேண்டும் என்றார். கூட்டமும் சத்தமும் ஓய்ந்து ஒரு வாரம் போகட்டும் என்று நான் சொன்னேன். நான் சொன்ன விதத்தில் அது அவருக்கு "சரி சார்" என்றுதான் பட்டிருக்கும். சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் மீன் அன்றைக்கு வருகிறது என்று சொல்லிவிட்டார்.

முந்தின நாள் தொட்டியைச் சரிபார்க்கப் போயிருந்தேன். ஹோமப் புகையை ஏர் பம்ப் உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதிவிடும் என்பதால் பம்பை ஜன்னலுக்கு வெளியே கட்டிவைத்தேன். விசேஷ வீடுகளில் இதை மறந்துவிடாதீர்கள். உப்பு அளவு பார்த்தேன், சரியாக இருந்தது. எப்போதும் விடுவதுபோல மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டுக் கண்ணாடி மூடியைப் போட்டேன்.

அப்போதுதான் டீச்சரின் நாத்தனார் உள்ளே வந்தார். செல்லூரில் விசைத்தறி வைத்திருக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த குரல். அவர் சாதாரணமாகப் பேசினாலே தெருமுனை வரை கேட்கும்.

"கடலு ராமேஸ்வரத்துல இருக்கு. பாக்கணும்னா அங்கிட்டுப் போயிப் பாத்துட்டு வர வேண்டியதுதான? வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சு, நாளைக்கு ஒண்ணு செத்து மெதந்துச்சுன்னா? புது வீட்ல மொத நாளே ஒரு உசுரு போச்சுன்னா அது யாரு தலையில விடியும்?"

"ஒண்ணும் ஆகாது மதினி" என்றார் டீச்சர்.

"நீ சொல்ற. மீனு சொல்லணும்ல?"

அவர் அந்தப் பக்கம் போனதும் டீச்சர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "அண்ணே, நாளைக்கு மட்டும் எதுவும் ஆகிறக் கூடாது. ஆச்சுன்னா, இந்த வீட்ல இனிமே யாருக்குத் தலைவலி வந்தாலும் அந்த மீனாலதான்னு சொல்லுவாக. ஆயுசு பூரா நான் கேக்கணும்."

எல்லா அளவையும் இன்னொரு தரம் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

மறுநாள் விடிந்ததும் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். கடற்கரைப் பக்கத்திலிருந்து வர வேண்டிய பஸ் தாமதம். ஒருவழியாக வந்தது. தெர்மாகோல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இரண்டு கோமாளி மீன்கள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டவை, தனித்தனிப் பையில் இருந்தன. உயிரோடுதான் இருந்தன. ஆனால் வழியில் நேரம் கூடிவிட்டதால் பைத் தண்ணீர் கலங்கியிருந்தது. அவற்றின் கழிவிலேயே அவை நீந்திக்கொண்டிருந்தன.

திருநகர் போய்ச் சேரும்போது ஹோமம் பாதி தாண்டியிருந்தது. ஹால் முழுக்கப் பட்டுப்புடவையும் புகையும்தான்.

"மீன்காரரு வந்துட்டாருடோய்!" என்று ஒருவர் சத்தம் கொடுத்தார்.

வீட்டுக்காரர் ஓடிவந்தார். "அண்ணே, சீக்கிரம். ராகு காலம் வாரதுக்குள்ள மீனு தண்ணிக்குள்ள இருக்கணும்."

பெட்டியை இறக்கிவைத்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தேன். நான் விட்டிருந்த இரண்டு விரல் இடைவெளியைக் காணோம். தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. தரையில் ஈரம். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம், அதன் கழுத்தில் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது.

தம்பிகளே, இந்த மாதிரி நேரத்தில் நமக்கு முதலில் வருகிற வார்த்தை, "யாரு தண்ணி ஊத்துனது?" என்பதுதான். எனக்கும் தொண்டைவரை வந்தது. என் கூச்சம் அதை அங்கேயே நிறுத்திவிட்டது. அன்று ஒருநாள் என் கூச்சத்துக்கு நான் கும்பிடு போட வேண்டும். அந்தக் கேள்வியை அந்தக் கூட்டத்தில் கேட்டிருந்தால், மீன் சாவதற்கு முன்னால் குடும்பத்தில் சண்டை மூண்டிருக்கும்.

ஒரு டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு மூக்கருகே கொண்டுபோனேன். புகையில் ஒன்றும் பிடிபடவில்லை. கொல்லைப்பக்கம் எடுத்துப்போய் நல்ல காற்றில் நின்று முகர்ந்தேன். பிளீச்சிங் பவுடர் வாடை பளிச்சென்று அடித்தது. அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். இத்தனை பேர் சாப்பிடுகிற வீடு என்று, தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவித் தாராளமாகப் பிளீச்சிங் பவுடர் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். அந்தக் குழாய்த் தண்ணீர்தான் குடத்தில் வந்து மீன் தொட்டிக்குள் போயிருக்கிறது. இதற்குள் மீனை விட்டால் செவுள் வெந்துவிடும். பந்தி முடிவதற்குள் இரண்டும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும்.

பிளீச்சிங்கை முறிக்கிற சொட்டு மருந்து என் பையில் இருந்தது. அதை விட்டு, தண்ணீர் சுத்தமாகும்வரை பொறுக்க வேண்டும். ஹாலில் யாரும் பொறுக்கத் தயாராக இல்லை.

"அண்ணே, என்ன நின்னுகிட்டே இருக்கீக?" என்று வீட்டுக்காரர் மணியைக் காட்டினார்.

ஐயர் கை அலம்ப எழுந்து கொல்லைப்பக்கம் வந்தார். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, அவர் பின்னால் போய் நின்றேன்.

"என்னப்பா? ஏதானும் சொல்லணுமா?"

"சாமி, மீனைப் பையோடயே தொட்டிக்குள்ள மெதக்க விட்டுருறேன். பையை அவுக்க இன்னும் நேரமாகும். இப்ப அவுத்தா செத்துரும். நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாக. நீங்க ஒரு வார்த்தை…"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பையோட தண்ணிக்குள்ள இருக்குமோல்லியோ?"

"இருக்கும் சாமி."

"போறும், வா."

ஹாலுக்கு வந்து அவரே உரக்கச் சொன்னார். "எல்லாரும் கேளுங்கோ! மாப்பிள்ளை ஊருக்குள்ள வந்த உடனேவா தாலி கட்டறார்? முதல்ல அழைப்பு. கோயில்ல உக்கார வச்சு, மாலை போட்டு, மெதுவாத்தான் அழைச்சுண்டு வரோம். நம்மாத்து மாப்பிள்ளைக்கு மட்டும் உண்டு, மீனுக்குக் கிடையாதா? இப்போ நல்ல நேரத்துல அழைப்பு ஆறது. மத்ததை மாப்பிள்ளை வீட்டுக்காரர் பார்த்துப்பார்." அவர் கை என்னைக் காட்டியது.

"மாப்பிள்ளை வீட்டுக்காரரே, ரெண்டு மாப்பிள்ளையில்ல இருக்கு! பொண்ணு எங்கய்யா?" என்று ஒரு பெரியவர் கேட்க, ஹாலே சிரித்தது. மேளக்காரர் தானாகவே ஒரு தட்டுத் தட்டினார். அந்தச் சத்தத்தோடு இரண்டு பையையும் கட்டு அவிழ்க்காமல் தண்ணீரில் மிதக்க விட்டேன். வீட்டுக்காரர் கைகூப்பினார்.

முகூர்த்தம் கேட்கிற வீட்டில் முகூர்த்தத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அந்த நேரத்தில் கொடுக்கக்கூடிய ஒன்று நம் கையில் எப்போதும் இருக்கும். அதைக் கொடுத்துவிட்டு, மீனுக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தில் புது மீன் மிரளும் என்பதால் தொட்டி விளக்கைப் போடாமல், மருந்துச் சொட்டுகளை விட்டுக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. நாத்தனார்தான். அவரைப் பொறுத்தவரை அது ரகசியக் குரல்.

"தம்பி, என்னமோ மருந்து ஊத்துறியே, எதுக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. தண்ணியில பிளீச்சிங் வாடை கொஞ்சம் இருக்கு. அதை எடுக்கத்தான்."

அவர் முகம் மாறியது. "கொழாத் தண்ணியிலயா?"

"ஆமாக்கா."

குடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். "ரெண்டு கொடம் நான்தான்யா ஊத்துனேன். விடியக்காலம் எந்திரிச்சுப் பாத்தா, தொட்டி கொறையாக் கெடக்கு. புது வீட்ல சின்னச் செம்பைக்கூட நெறைச்சுத்தான வைக்கிறோம்? இம்புட்டுப் பெரிய தொட்டி கொறையாக் கெடந்தா குடும்பம் வெளங்குமா? அதான். செத்துருமாய்யா?"

முந்தின நாள் அந்தத் தொட்டியையே வேண்டாம் என்றவர், எல்லோருக்கும் முன்னால் எழுந்து, குடத்துக்குப் பொட்டு வைத்து நிரப்பியிருக்கிறார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. இப்போது அவரே இதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். அதனால்தான் நானும் எழுதுகிறேன்.

"இன்னும் பைக்குள்ளதான்க்கா இருக்கு. ஒண்ணும் ஆகல."

"அவகிட்டச் சொல்லிராதப்பா. நேத்து அம்புட்டுப் பேச்சுப் பேசியிருக்கேன்."

"யார்கிட்டயும் சொல்லல. எனக்கு ஒரு ஒத்தாசை மட்டும் பண்ணுங்க. யாரும் பக்கத்துல வராமப் பாத்துக்கங்க. எனக்குச் சத்தம் போட வராது."

"எனக்கு வரும்" என்றார்.

ஒரு வேட்டியை எடுத்துத் தொட்டிக்கு முன்னால் திரையாகக் கட்டினார். திரைக்கு வெளியே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டார். அதன்பின் அந்த ஹாலில் எனக்குக் கவலையே இல்லை. ஒரு மாமா செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மாமா, போட்டா எடுக்கணும்னா என்னைய எடுங்க. நானும் பட்டுச்சேலதான் கட்டியிருக்கேன்."

"மீனை ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிறேன் ஆத்தா."

"வெளிச்சம் பட்டா அதுக்கு ஆகாது. போங்க, பந்தி போட்டாச்சு. வடை தீந்துறப் போகுது!"

வடை என்றதும் மாமாவோடு பாதிக் கூட்டம் நகர்ந்தது.

தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சளாக்கிக் காட்டும் இன்னொரு மருந்து உண்டு. அதை விட்டுப் பார்த்தேன், லேசான மஞ்சள். சற்றுப் பொறுத்து மறுபடி பார்த்தேன், மஞ்சளே இல்லை. இனி பையை அவிழ்க்கலாம். அதுவரை அவிழ்க்காமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. வெகுதூரம் வந்த பையைத் திறந்து காற்றுப் பட்டால் உள்ளே இருக்கும் கழிவின் நஞ்சு வேகமாக ஏறும். தொட்டி தயாராகாமல் பையைத் திறக்காதீர்கள். திறந்துவிட்டால் சுணங்காதீர்கள்.

திறந்ததும் பைத் தண்ணீரின் உப்பைப் பார்த்தேன். குறைவு. மீன் அனுப்புகிறவர்கள் சிலர் உப்பைக் குறைத்துத்தான் வைத்திருப்பார்கள். தொட்டியின் உப்பையும் பார்த்தேன். இரண்டு குடம் நல்ல தண்ணீர் சேர்ந்ததில் அதுவும் இறங்கியிருந்தது. அதற்குள் வீட்டுக்காரர் திரையை விலக்கித் தலையை நீட்டினார்.

"என்னண்ணே, உப்பு கம்மியா? அதான் மூட்டை இருக்கே, ரெண்டு கை அள்ளிப் போடுங்க."

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். மூட்டையைத் திரும்பிப் பார்க்கவும் செய்தேன். பிறகு புரிந்தது. உப்பு இறங்குவதை மீன் ஓரளவு தாங்கும், சட்டென்று ஏறுவதைத் தாங்காது. இப்போது இரண்டு தண்ணீரும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றன. இந்த நேரத்தில் தொட்டியைச் சரிசெய்கிறேன் என்று உப்பை அள்ளிப் போட்டால் மீனைத்தான் கெடுப்பேன். தொட்டியைப் பிறகு நாள் கணக்கில் மெதுவாக ஏற்றிக்கொள்ளலாம்.

"இன்னிக்கு வேணாம் சார்" என்றேன்.

"இல்லண்ணே, நீங்கதான அளவு இம்புட்டு இருக்கணும்னு…"

"அவரு வேணாம்கிறாருல்லடா?" என்று திரைக்கு வெளியிலிருந்து குரல் வெடித்தது. "உப்பு அள்ளிப் போடுறதுக்கு இது என்ன சாம்பாரா? போயிப் பந்தியைப் பாரு!"

"அக்கா, நீயா?" என்று அவர் திகைத்துப் போனார்.

மீன்களை அவற்றின் தண்ணீரோடு வாளியில் விட்டு, தொட்டியிலிருந்து சொட்டுக் குழாயைப் போட்டேன். நாம் பயன்படுத்துவது ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய்தான், உங்களுக்குத் தெரியும். எட்டிப் பார்த்த யாரோ, "மீனுக்குக் குளுக்கோஸ் ஏத்துறாகப்பா!" என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சொல் ஹாலைச் சுற்றி அடுப்படிக்குப் போய்விட்டது. டீச்சர் கரண்டியோடு ஓடிவந்தார், முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னண்ணே ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் வாளியைப் பார்த்தேன். சிறிய மீன் ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. செவுள் படபடவென்று அடித்தது.

டீச்சரும் பார்த்துவிட்டார். கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நேரக் கணக்குப்படி பார்த்தால் இன்னும் வெகுநேரம் சொட்டவிட வேண்டும். நாம் பழகியிருக்கிற கணக்கு அது, தப்பில்லாத கணக்கு. ஆனால் அது உப்பு வித்தியாசத்துக்காகப் போட்ட கணக்கு. இங்கே வித்தியாசம் கொஞ்சம்தான். மீனைச் சாய்த்தது உப்பு இல்லை, அது வந்த அழுக்குத் தண்ணீர். ஆகவே அந்தத் தண்ணீரை விட்டு அது எவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறதோ அவ்வளவு நல்லது. நான் தப்பாக நினைத்திருந்தால் மீன் என் கையில் சாகும். டீச்சர் கண்ணெதிரே சாகும்.

வாளி உப்பை இன்னொரு தரம் அளந்தேன். குழாயை மூடினேன். சின்னக் குவளையில் மீனை ஏந்தி, வாளித் தண்ணீர் தொட்டிக்குள் போகாமல் வடித்து, மெதுவாக உள்ளே விட்டேன். அது கல்லின் இடுக்கில் போய் விழுந்ததுபோல் இறங்கியது. இரண்டாவதையும் விட்டேன். அது விருட்டென்று கல்லுக்குப் பின்னால் மறைந்தது. தொட்டியில் மீனே இல்லாதது மாதிரி ஆகிவிட்டது.

"எங்க மீனு? வெளிய வருமா?"

"ஒளிஞ்சிருக்குங்க."

"மாப்பிள்ளைக்கு வெக்கம்" என்றார் அந்தப் பெரியவர்.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். டீச்சர் பரிமாறப் போனார். இலைக்கு இலை குனிந்து நிமிரும்போதெல்லாம் அவர் கண் திரைப்பக்கம் வந்தது. நாத்தனார் மட்டும் திரைக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நான் செய்ததற்கெல்லாம் ஒவ்வொன்றாகக் காரணம் கேட்டபடி கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட வரச்சொல்லி மூன்று பேர் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லவா?" என்றேன். "நீங்க ஊத்துன ரெண்டு கொடத்துலதான் தொட்டியில உப்பு எறங்குச்சு. அது எறங்கலேன்னா அந்தச் சின்ன மீனை நான் இம்புட்டுச் சீக்கிரம் உள்ள விட்டிருக்க முடியாது. பிளீச்சிங் பவுடர் ஒண்ணுதான் தப்பு."

"நெசமாவா?"

"நெசமாக்கா."

அவர் சட்டென்று கண்ணாடியைக் காட்டினார்.

இடுக்கிலிருந்து ஒரு வெள்ளைப் பட்டை தெரிந்தது. பிறகு மூக்கு. சாய்ந்து கிடந்த அந்தச் சின்ன மீன்தான். துடுப்பை மெல்ல மெல்ல அடித்துக்கொண்டு நேராக நின்றது. ஒரு பாட்டம் கல்லைச் சுற்றிவந்தது. பின்னாலேயே பெரியது வந்தது. இரண்டும் நடுத்தொட்டிக்கு வந்து, வாய் திறந்து மூடி, எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன.

இப்போது நாத்தனார் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சத்தமில்லாமல் எழுந்து போனார். பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவந்து, திரைக்குள் விட்டார்.

"பாரு."

டீச்சர் பார்த்தார். கையில் இருந்த ரசப் பாத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் கையில் கொடுத்துவிட்டு, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். நாத்தனார் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அதற்குப் பிறகுதான் அந்தச் செல்லூர்க் குரல் கிளம்பியது.

"மீனு வெளிய வந்துருச்சுடோய்ய்!"

பந்தி அப்படியே எழுந்தது. எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆளாளுக்கு ஓடிவந்தார்கள். வேட்டித் திரை அவிழ்ந்தது. வீட்டுக்காரர் சந்தோஷத்தில் தொட்டி விளக்கைப் போடக் கையை நீட்டினார்.

"லைட்டைப் போடாதீங்க!"

யார் கத்தியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். நான்தான். வீட்டுக்காரர் கை அந்தரத்தில் நின்றது. பிறகு நாத்தனார், "இம்புட்டுச் சத்தத்தை எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்த?" என்று கேட்க, ஹால் அதிரச் சிரித்தார்கள். கையில் ரசப் பாத்திரத்தோடு நானும் சிரித்தேன்.

தம்பிகளே, வாளியும் குழாயும் மருந்தும் எல்லோரிடமும் இருக்கும். போகிற வீட்டில் சத்தமாகப் பேசுகிற ஆள் யார் என்று முதலில் பாருங்கள். அந்த ஆளுக்குத் தொட்டியைப் பிடிக்கவில்லை என்றால் இன்னும் நல்லது. அவரை உங்கள் பக்கம் இழுத்துவிட்டால், மீன் பாதி பிழைத்த மாதிரி.

கடைசிப் பந்தியில் எனக்கு இலை போட்டார்கள். எதிரில் டீச்சரும் நாத்தனாரும் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். தாமதமாக வந்த உறவுக்காரப் பெண்கள் தொட்டியைச் சுற்றி நின்றார்கள்.

"கொண்டாந்த ஒடனே விட்டுறலாம்ல மதினி?" என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள்.

"ஏத்தா, ஒடனே விட்டா செத்துரும்" என்றார் நாத்தனார், சாம்பாரைப் பிசைந்துகொண்டே. "மொதல்ல பையோட மெதக்க விடணும். வெளக்குப் போடக் கூடாது. கொழாத் தண்ணி ஆகவே ஆகாது. தொட்டித் தண்ணி சரியா இருக்குன்னு பாத்துட்டுத்தான் பையை அவுக்கணும், அவுத்தா சொணங்கக் கூடாது. அந்தப் பைத் தண்ணி ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது. கண்ணுல படலைன்னு கைய விட்டுத் தேடக் கூடாது. அதுவா வரும். நம்ம வீட்டுக்கு வந்த உசுரு, கொஞ்சம் பொறுத்துத்தான் பழகும்."

காதைத் தீட்டிக் கேட்டேன். ஒரு இடத்தில்கூடத் தப்பு இல்லை.